சாரதி இல்லாமல் மோதிய இரண்டு கார்கள்

என் வேலைக்காலம் முழுவதையும் மோட்டார் இன்சூரன்ஸ் பகுதியில்தான் கழித்தேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது. லைசன்ஸ் எடுக்கவுமில்லை. விபத்து நடந்த இடத்துக்கு நான் த்ரீவீல் ஆட்டோவில் போய் இறங்கும்போது, "மிஸ்ஸின்ரை கார் எங்கை?" என்று யாராவது ஒரு ஆள் கேட்காமல் விடமாட்டார். "வருத்தம் பார்க்க வாற டொக்டரும் வருத்தக்காரனாய் இருக்கவேணுமோ?" என்று நானும் விடாமல் கேட்பேன்.

புதிதாக இந்தப் பகுதிக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் பிறீமியம் கணக்குப் போட நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதை இப்போது கம்பியூட்டர் செய்கிறது. கம்பியூட்டரால் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. ஒரு ஒழுங்கை, அந்தச் சின்னத் தெருச்சனம் முழுவதும், உங்களைச் சுற்றி நின்று, நல்ல மனதோடு, ஒரே குரலில் பொய் சொல்லும். அப்போது பேனையைப் பிடித்திருக்கும் கை என்ன செய்யவேண்டும் என்பதுதான் அந்த வேலை. நான் அதைப் படித்தது கொட்டாஞ்சேனையில், றெஜினா அன்ரியின் காரால்.

றெஜினா அன்ரி எங்கள் வெள்ளவத்தைக் கிளைக்கு முதல்முதல் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அறுபது கடந்தவர். துறைமுகத்தில் டெலிபோன் ஒப்பரேட்டராக இருந்து பென்சன் எடுத்தவர். குரல் மணி மாதிரி இருக்கும். ஒன்றை ஒரு தரம்தான் சொல்வார், அது கேட்கவேண்டிய ஆளுக்குக் கேட்டுவிடும்.

"கார் ஒண்டு வாங்கியிருக்கிறன் தங்கச்சி. இன்சூரன்ஸ் போடவேணும்."

கடதாசி எல்லாம் ஒழுங்காக இருந்தது. சின்ன ஜப்பான் கார், பழையது, அவருடைய பெயரிலேயே பதிந்திருந்தது.

"லைசன்ஸைத் தாங்கோ அன்ரி."

"இல்லை."

"வீட்டிலை விட்டிட்டு வந்திட்டீங்களோ?"

"என்னட்டை லைசன்ஸே இல்லை. எனக்கு ஓடத் தெரியாது."

"அப்ப மகன்மார் ஆரும்…"

"நான் கலியாணமே கட்டேல்லை."

"லைசன்ஸ் இல்லாமல் இன்சூரன்ஸ் போடேலாது அன்ரி" என்றேன். அது வாயில் தானாக வந்தது. எனக்குத் தெரிந்து சொன்னதல்ல, கேட்க நியாயமாக இருந்ததால் சொன்னது.

"ஏன் ஏலாது?"

"ஓடத் தெரியாத ஆளுக்கு எப்பிடி…"

"வீட்டுக்கும் நீங்கள் இன்சூரன்ஸ் போடுறீங்கள்தானே. வீட்டுக்காரனுக்கு மேசன் வேலை தெரியுமோ எண்டு கேட்டுத்தான் போடுறீங்களோ?"

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். நான் எழும்பிப் போய், எத்தனையோ தரம் ஆட்களிடம் கையொப்பம் வாங்கிய அந்தப் பொலிசியின் வாசகங்களை ஆறுதலாக முதலில் இருந்து வாசித்தேன். அன்ரி சொன்னதுதான் சரி. காரின் சொந்தக்காரருக்கு லைசன்ஸ் இருக்கவேண்டும் என்று ஒரு வரியும் அதில் இல்லை. ஓடுகிறவருக்கு இருக்கவேண்டும் என்றுதான் இருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். "கார் உங்கட பேரிலை இருக்கலாம் அன்ரி. இன்சூரன்சும் போடலாம். ஆனா ஆர் ஓடினாலும் அவரிட்டைச் செல்லுபடியான லைசன்ஸ் இருக்கவேணும். நீங்கள் ஒருநாளும் ஓடக்கூடாது. ஓடி ஏதும் நடந்தால் உங்கட காருக்கு நாங்கள் ஒண்டும் தரமாட்டம்."

"உள்ளுக்கை இருக்கலாமோ?"

"இருக்கலாம் அன்ரி. எவ்வளவு நேரமும் இருக்கலாம்."

அந்தச் சொல் பின்னால் எனக்கு எவ்வளவு வேலை வைக்கப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஓடத் தெரியாதவருக்குக் கார் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அன்ரியின் அண்ணன் அல்பிரட், முந்தித் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக இருந்தவர், அதே ஒழுங்கையில் கீழ்ப்பக்கம் இருந்தார். அவரிடம் ஒரு கார் இருந்தது. தங்கச்சியைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவது அவர்தான். எப்போது வெளிக்கிடுவது, எங்கே நிற்பது, எப்போது திரும்புவது எல்லாம் அவருடைய முடிவு.

"கோல்பேஸ் கடற்கரையிலை இறங்கி, இறால் போட்ட இஸ்ஸோ வடை ஒண்டு சாப்பிடவேணுமெண்டு எத்தினையோ வருசமாக் கேக்கிறன்" என்றார் அன்ரி. "கார் மணக்குமாம். நிப்பாட்டமாட்டார்."

"த்ரீவீலிலை போகலாமே அன்ரி?"

"'நான் கார் வைச்சிருக்க நீ த்ரீவீலிலை திரிஞ்சால் சனம் என்னைத்தான் சொல்லும்' எண்டு அண்ணா கத்துவார். அதுதான் நானும் கார் வாங்கினனான். இனி என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

கொட்டாஞ்சேனையிலேயே இன்சூரன்ஸ் கந்தோர்கள் இருக்க, வெள்ளவத்தை வரைக்கும் வந்ததும் அதனால்தான். கொட்டாஞ்சேனையில் அண்ணனைத் தெரியாத கந்தோர் இல்லை. கார் வாசலுக்கு வந்த பிறகுதான் அண்ணனுக்குத் தெரியவேண்டும் என்று அவர் முடிவெடுத்திருந்தார்.

ஓடுவதற்கு ஆளும் பிடித்து வைத்திருந்தார். முகத்துவாரம் பக்கம் த்ரீவீல் ஓடுகிற சுனில். காருக்கும் லைசன்ஸ் இருந்தது, நானே வாங்கிப் பார்த்துப் பிரதி எடுத்தேன். ஞாயிறுகளிலும், அன்ரி கூப்பிடும் மற்ற நாட்களிலும் தன் த்ரீவீலை அவருடைய வாசலில் விட்டுவிட்டுக் காரை எடுப்பான். சில மாதங்கள் ஒரு பிரச்சினையும் இல்லை. களனிப் பாலம் தாண்டிப் போனது, நீர்கொழும்பில் மீன் வாங்கியது, கோல்பேஸில் வடை சாப்பிட்டது என்று படங்கள் எனக்கு வாட்ஸப்பில் வரும். வடைப் படத்தை அண்ணனுக்கும் அனுப்பியதாகச் சொன்னார்.

பிறகு ஒரு ஞாயிறு காலை போன் வந்தது. விபத்து நடந்தால் அடிக்கவேண்டிய இலக்கம் பொலிசியில் பெரிதாக அச்சடித்திருக்கிறது. அன்ரி என்னுடைய இலக்கத்துக்குத்தான் அடித்தார்.

"தங்கச்சி, கார் போட்டுது."

"களவு போட்டுதோ அன்ரி?"

"இல்லை. பின்னாலை போட்டுது. என்னோடை."

த்ரீவீல் பிடித்துக்கொண்டு போனேன். அந்த ஒழுங்கை மேலிருந்து கீழே நல்ல சரிவு. மேல்முனையில் பேக்கரி, நடுவில் அன்ரியின் வீடு, அடியில் அண்ணனின் வீடு. அன்ரியின் காரின் பின்பக்கம், அண்ணனின் வாசலில் நின்ற அவருடைய காரின் பொனற்றுக்குள் புகுந்து நின்றது. பூசை முடிந்து வந்த சனம் கோயில் உடுப்போடேயே சுற்றி நின்றது. யாருக்கும் காயமில்லை. அல்பிரட் அங்கிளின் சத்தம் சந்தியில் இறங்கும்போதே எனக்குக் கேட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னனான், பொம்பிளைப்பிள்ளைக்குக் கார் என்னத்துக்கெண்டு! இண்டைக்கே இதை வித்துப்போட்டுத்தான் மற்ற வேலை!"

இரண்டு கார்களையும் பார்த்தபடி கிட்டப் போனேன். முதலில் வந்தவன் சுனில். முகம் வெளிறியிருந்தது.

"மம தமயி எலெவ்வே, மிஸ்" என்றான். நான்தான் ஓடினேன் என்கிறான்.

முன்வீட்டு நொயல், ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருப்பவர், என் காதுக்குக் கிட்ட வந்தார். "மிஸ், சுனிலின்ரை பேரை எழுதிவிடுங்கோ. லைசன்ஸ் இருக்கு. விசயம் அதோடை முடிஞ்சுது. சாட்சிக்கு நாங்கள் எல்லாரும் இருக்கிறம்."

சுற்றி நின்ற அத்தனை தலைகளும் ஆடின. கவனியுங்கள், இவர்களில் ஒருவருக்கும் இதால் ஒரு லாபமும் இல்லை. லைசன்ஸ் இல்லாமல் ஓடியதாக வராமல் அன்ரி தப்பவேண்டும், அவ்வளவுதான். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் தெரிந்தது. படிவத்தில் சாரதியின் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் சுனில் என்று எழுதினால் தலைமைக் கந்தோரில் ஒருவரும் இரண்டாம் தரம் பார்க்கமாட்டார்கள். நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்த நேரம் பார்த்து அல்பிரட் அங்கிள் குறுக்கே வந்தார்.

"கூலிக்கு ஓடுறவன்ரை பேரை எழுதினால் இழுத்தடிப்பாங்கள். என்ரை பேரை எழுதுங்கோ. நான்தான் ஓடினது."

"நீங்களோ அங்கிள்? உங்கட காரிலை நீங்களே கொண்டுபோய் அடிச்சீங்களோ?"

கொஞ்சம் யோசித்தார். "ஓம்… எண்டு எழுதுங்கோ."

"அப்பிடிப் பாத்தால் நான் ஓடினதெண்டும் எழுதலாம்" என்றார் நொயல். "நான் மூண்டாம் ஆள். எனக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை."

ஒரு சீற், மூன்று சாரதிகள். அல்பிரட் அங்கிள் இதற்குள் தன் லைசன்ஸை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். அது காலாவதியாகிச் சில வருடம் ஆகியிருந்தது. இத்தனை காலமும் மனிசன் அதோடுதான் தங்கச்சியை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் ஓடியிருக்கிறார்.

அதை அப்போது உரத்துச் சொல்லியிருக்கலாம். ஒழுங்கையே கைதட்டியிருக்கும். எனக்கும் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் அவருடைய கார் ஆள் இல்லாமல் வாசலில் சும்மா நின்ற கார். அதற்கு அடிபட்டதற்கும் அவருடைய லைசன்ஸுக்கும் சம்பந்தமில்லை. எனக்குச் சம்பந்தமில்லாததைச் சனத்துக்கு முன்னால் விரித்துக் காட்டுவது என் வேலையல்ல. லைசன்ஸை மடக்கிப் பிடித்து அவர் கையில் வைத்து, "அங்கிள், இதைக் கவனமாய் உள்ளை வையுங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பார்த்தார். விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய சத்தம் கேட்கவில்லை.

நான் எல்லோரையும் பார்த்து ஒரு கேள்விதான் கேட்டேன்.

"திறப்பு எங்கை?"

சுனிலின் கை தானாகச் சாவி இருந்த தன் சேட் பொக்கற்றுக்குப் போனது. மற்றக் கையில் பேக்கரிப் பை. உள்ளே மாலு பாண், மீன் வைத்த பன், ஆறியே போயிருந்தது.

"றெஜினா அன்ரி எங்கை?"

அன்ரி காருக்குள் இருந்தார். சாரதி சீற்றில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹான்ட் பாக்கை மடியில் வைத்துக்கொண்டு. இறங்கி மற்றப் பக்கம் வந்து இரு என்று அண்ணன் கத்தியிருக்கிறார். நொயல் கெஞ்சியிருக்கிறார். கதவைத் திறக்கவேயில்லை. என்னைக் கண்டதும்தான் கண்ணாடியை இறக்கினார்.

"ஏன் அன்ரி இன்னும் உள்ளுக்கை இருக்கிறீங்கள்?"

"இன்சூரன்ஸ் ஆக்கள் வந்து பாக்கும்வரைக்கும் ஒண்டையும் மாத்தக்கூடாதெல்லோ? நானும் ஒரு பொருள்தானே இதிலை."

"எப்பிடி அன்ரி இந்தச் சீற்றுக்கு வந்தனீங்கள்?"

"பூசையாலை வந்து சுனில் வீட்டு வாசலிலை நிப்பாட்டினவன். மாலு பாண் வாங்க மேலை போட்டான். நான் இருக்கிற பக்கம் வெயில். இறங்கிச் சுத்தி வந்து இந்தப் பக்கம் நிழலிலை ஏறினன். கதவை இழுத்துச் சாத்தினன். சாத்தின அடியிலை கார் வெளிக்கிட்டிட்டுது."

"ஹான்ட் பிரேக்கைத் தொட்டனீங்களோ?"

"தொடேல்லை. தொடத் தெரிஞ்சிருந்தால் நிண்டிருக்குமே."

"பிறகு?"

"ஹோர்ன் அடிச்சன். பின்னுக்குப் பிள்ளையள் நிண்டதுகள். விலகிற்றுதுகள். அண்ணான்ரை கார் விலகேல்லை."

சுனில் அழத் தொடங்கிவிட்டான். கியரில் போடாமல் நியூற்றலில் விட்டதும் அவன்தான், ஹான்ட் பிரேக்கை அரைவாசி இழுத்ததும் அவன்தான். பாண் சூடாக இருக்கும்போதே வாங்கவேண்டுமென்று ஓடியிருக்கிறான். அன்ரி அவனைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "உள்ளதைச் சொன்னால் அவனுக்கு ஏதும் வருமோ? அவனுக்கு வருமெண்டால் எனக்குச் சல்லியும் வேண்டாம், காரும் வேண்டாம்."

அன்று அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

"அன்ரி, அவன் பிரேக்கை ஒழுங்கா இழுக்காதது கவனக்குறைவு. இன்சூரன்ஸ் இருக்கிறதே கவனக்குறைவுக்குத்தான். இவையள் சொல்லுறமாதிரி அவன் ஓடினதெண்டு எழுதிக் கையொப்பம் வைச்சால், அது பொய். அதுக்கு எங்களிட்டை இன்சூரன்ஸ் இல்லை."

திறப்பு இல்லாத துவாரத்தைப் படமெடுத்தேன். அரைவாசியில் நின்ற ஹான்ட் பிரேக்கைப் படமெடுத்தேன். அன்ரியையும் சீற்றில் வைத்தே எடுத்தேன், அதற்கு அவர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். சாரதியின் பெயர் என்ற இடத்தில் "எவரும் இல்லை" என்று எழுதினேன். நொயல் தலையில் கை வைத்தார். "கெடுத்திட்டீங்கள் மிஸ்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அடுத்த சில நாட்கள் கெடுத்துவிட்டேனோ என்றுதான் எனக்கும் இருந்தது. தலைமைக் கந்தோரில் கிளெய்ம் மனேஜர், கடுமையான மனிதர், சிங்களவர், என்னைப் போனில் கூப்பிட்டார். கேள்வி கேட்க அன்ரியும் இருக்கவேண்டும் என்றார். அன்ரி வெள்ளவத்தைக்கு வந்தார், நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். நடந்தது சிங்களத்தில், உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"சாரதி யார்?"

"ஒருவரும் இல்லை சேர்."

"மற்றக் காரில்?"

"அதிலும் இல்லை சேர்."

"அப்ப இது யாருக்கும் யாருக்கும் நடந்த விபத்து?"

அவர் விடவில்லை. லைசன்ஸ் இல்லாத ஒரு பெண் சாரதி சீற்றில் இருந்திருக்கிறார், வாகனம் ஓடியிருக்கிறது, அப்படியானால் ஓட்டியது அவர்தான் என்றார். என்ஜின் வேலை செய்யவில்லை, திறப்பு சுனிலின் பொக்கற்றில் இருந்தது என்றேன்.

"ஹோர்ன் அடித்தது யார்?"

"நான்" என்றார் அன்ரி, அந்த மணிக்குரலில்.

"பார்த்தீர்களா? ஹோர்ன் அடித்திருக்கிறார். அப்ப வாகனம் அவருடைய கட்டுப்பாட்டில் இருந்திருக்கிறது."

"மாத்தயா" என்றார் அன்ரி, "கட்டுப்பாட்டில் இல்லை என்று ஊருக்குச் சொல்லத்தான் ஹோர்ன் அடித்தேன்."

போனில் யாரோ இருமுவது போல ஒரு சத்தம். அது மனேஜர் சிரிப்பை அடக்கிய சத்தம் என்று அந்தக் கந்தோரில் இருந்த சிநேகிதி பின்னால் சொன்னாள்.

சிரித்ததற்காகக் கிளெய்ம் தந்துவிடவில்லை, அவர் அப்படியான ஆள் இல்லை. பொறியியலாளர் ஒருவரை அனுப்பினார். அவர் போய்ப் பார்த்து, பிரேக் கேபிள் தொய்ந்திருக்கிறது, அரைவாசி இழுத்தால் அந்தச் சரிவில் ஒரு கதவுச் சாத்தலுக்கே கார் விடுபடும் என்று எழுதினார். பேக்கரிக்காரரையும் விசாரித்தார். சுனில் அந்த நேரம் பாணுக்குக் காத்துக்கொண்டு நின்றதை அவர் உறுதியாகச் சொன்னார். சுனிலின் பெயரை நான் சாரதி என்று எழுதியிருந்தால் அந்த ஒரு பேக்கரிக்காரரோடேயே கிளெய்மும் போயிருக்கும், சுனிலும் போயிருப்பான், என் வேலையும் போயிருக்கும். நல்ல மனதோடு சொல்லப்படுகிற பொய்யில் உள்ள ஆபத்து இதுதான். அதைச் சொல்கிற யாரும் பேக்கரிவரைக்கும் யோசித்திருக்கமாட்டார்கள்.

இரண்டு காருக்கும் பணம் கிடைத்தது. அன்ரியின் கார் சீக்கிரமே திருந்தி வந்தது. அண்ணனின் காருக்குப் பொனற் கிடைக்காமல் கராஜில் நீண்ட நாள் கிடந்தது.

அது திருந்தி வருவதற்கிடையில் அல்பிரட் அங்கிள் ஒருநாள் தனியாகக் கந்தோருக்குள் வந்தார். கிளெய்ம் விசயமாக வந்தார் என்று நினைத்துக் கதிரையைக் காட்டினேன். இருந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கலுக்குப் போனனான் பிள்ளை" என்றார். "கண் காணாதாம். கண்ணாடி போட்டும் சரிவராதாம். தரமாட்டினமாம்."

ஒழுங்கையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது நல்லது என்று தோன்றியது. இல்லாவிட்டால் இந்த மனிசன் இந்தக் கதிரைக்கு வந்திருக்கமாட்டார்.

"தங்கச்சிக்கு இன்னும் சொல்லேல்லை" என்றார். பிறகு, என் மேசையைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒருவருக்காகக் கேட்பது போலக் கேட்டார். "ஒரு ஆளிட்டை லைசன்ஸ் இல்லையெண்டு வையுங்கோ. அந்த ஆள் கார் வைச்சிருக்கலாமோ?"

"தாராளமா வைச்சிருக்கலாம் அங்கிள். இன்சூரன்சும் போடலாம். ஓடுறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

"சுனில் நல்லா ஓடுவானோ?"

"நல்லா ஓடுவான். இப்ப கியரிலை போட்டு, பிரேக்கையும் இழுத்து, ரயருக்குக் கல்லும் வைக்கிறானாம்."

"அவனை நான் கேக்கேலாது. அவன் தங்கச்சின்ரை ஆள். நீங்கள் ஒருக்கா அவவிட்டைச் சொல்லுவீங்களோ?"

"நீங்களே கேளுங்கோ அங்கிள். இப்ப எப்பிடி வந்தனீங்கள்?"

அவருடைய முகம் சிவந்தது. "அவவின்ரை காரிலை" என்றார். "கீழை நிக்கினம்."

அவர் இறங்கிப் போனதும் நான் ஜன்னலுக்குப் போய் நின்றேன். காலிக்குப் போகும் பெரிய வீதி ஓரத்தில் கார் நின்றது. சுனில் ஸ்டியரிங்கில், அன்ரி பக்கத்துச் சீற்றில். அல்பிரட் அங்கிள் அன்ரியின் ஜன்னலுக்குக் கிட்டக் குனிந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஒருதரம் ஆட்டினார்.

அங்கிள் நிமிர்ந்து, பழக்கதோசத்தில் முன்கதவைத் திறந்தார். அன்ரி அசையவில்லை. கதவைத் திறந்து பிடித்தபடி அவர் கொஞ்சம் நின்றார். பிறகு அதை மெல்லச் சாத்திவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறினார்.

கார் வீட்டுப்பக்கமாகத்தான் திரும்பியது. வழியில்தான் கோல்பேஸும் இஸ்ஸோ வடையும்; அவசரமில்லாமல் போனது.